கார்ப்பரலுக்கு வந்த அட்டை

ஜூன் 4, 1944. ஞாயிறு

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது என்னவென்றால்: மேன்மை தங்கிய பிரிட்டிஷ் படைவீரன் லென்னி கூச் அவர்களின் கால்சட்டையில் இரண்டாண்டு காலம் தன்னந்தனியாகப் பொறுப்பு வகித்து வந்த கடைசிப் பொத்தான், இன்று காலை எங்கள் போர்க்கைதி முகாமின் ஆள் எண்ணும் அணிவகுப்பில், ஜப்பானியச் சக்கரவர்த்தி இருக்கும் திசை பார்த்துக் குனிந்த வேளையில், கடமையிலேயே உயிர் நீத்தது. கால்சட்டையும் அதே நிமிடம் கணுக்கால்வரை இறங்கி இறுதி மரியாதை செலுத்தியது.

நல்லடக்கம் மாலையில், கழிப்பிடத்துக்குப் பின்னால். ஆறு பேர் தலை குனிந்து நின்றோம். நான் இரங்கல் உரை ஆற்றினேன். அந்தப் பக்கம் வந்த காவல்காரன் ஒருவன் எங்களைப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றான். யாருக்காக நின்றோம் என்று அவனுக்கு இன்னும் தெரியாது.

கார்ப்பரல் ஹோரஸ் லார்ட்டர் குடிசை வாசலிலிருந்து கேட்டார்:

“யாருடா போனது?”

“பொத்தான், கார்ப்பரல்.”

“எந்த ரெஜிமென்ட்டு?”

அவர் விளையாட்டுக்குக் கேட்டாரா, நிஜமாகவே ஏதோ ஆள் என்று நினைத்தாரா என்று தெரியவில்லை. இருபதடி தூரத்தில் நடப்பது அவருக்கு இப்போது தெரிவதில்லை.

இன்று முதல் நான் கோவணதாரி. கோவணத்துக்குப் பொத்தான் தேவையில்லை. அந்த வகையில் முன்னேற்றம்தான்.

ஜூன் 7

டாக்டர் ரூத்வென் ஹோரஸின் கண்ணைப் பார்த்தார். விரலை நீட்டினார்.

“எத்தனை?”

“கை இருக்குன்னு தெரியுது ஐயா. விரலைத் தனித்தனியா எண்ண முடியல. நடுவுல புகை மாதிரி இருக்கு. ஓரத்துல கொஞ்சம் தெரியுது.”

“வெறும் சோத்தத் தின்னுட்டு ரெண்டு வருஷம் கெடந்தா கண்ணு இப்படித்தான் பண்ணும். இந்த முகாம்ல நீ பதினாலாவது ஆளு. தினம் ஒரு முட்டை, ஒரு பிடி தவிடு. ரெண்டு மூணு மாசம் விடாம. சீக்கிரமா ஆரம்பிச்சா பார்வை திரும்பும்.”

“லேட்டா ஆரம்பிச்சா?”

டாக்டர் கையைச் சட்டைப்பைக்குள் விடப் பார்த்தார். அவருக்குச் சட்டை இல்லை.

“தவிடு நான் தர்றேன்” என்றார்.

முட்டையைப் பற்றி யாரும் பேசவில்லை. முட்டை ஆற்றில் படகில் வருகிறது. மூன்று சிகரெட்டுக்கு ஒரு வாத்து முட்டை. எங்களைப் போல நோயாளிக் குடிசையில் கிடப்பவர்களுக்கு சிகரெட் கிடையாது.

ஹோரஸுக்கு வயது முப்பத்துநான்கு. நார்ஃபோக்கில் பீட்ரூட் பயிரிடுகிறவர். போன வருடம் ரயில் பாதை வேலையில் என் பங்கு மண்ணையும் சேர்த்து அவர்தான் சுமந்தார். நான் கேட்கவில்லை. நான் பாட்டுக்குக் காய்ச்சலில் கிடந்தேன். எழுந்து பார்த்தபோது என் பெயரில் பதினொரு நாள் மண் வெட்டப்பட்டிருந்தது.

சரி. முட்டை. யோசிக்கிறேன்.

ஜூன் 10

ஆண்டவர் இருக்கிறார், அவருக்கு இறக்கை இருக்கிறது.

ஜப்பானியச் சுகாதாரப் பிரிவின் ஒகிடா இன்று உத்தரவு போட்டார். முகாமில் வயிற்றுப்போக்கு அதிகமாம். காரணம் ஈ. ஆகவே மண் வெட்டப் போகாதவர்கள் எல்லாரும் தினம் ஆளுக்கு ஐம்பது ஈ பிடித்து ஒப்படைக்க வேண்டும். ஐம்பதுக்கு மேல் ஒவ்வொரு நூறுக்கும் ஒரு சிகரெட்.

ஊரில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தால் ஈ ஓட்டுகிறான் என்பார்கள். இங்கே அது அரசாங்க உத்தியோகம்.

ஒகிடா குட்டை ஆள். மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கம் விரிசல். சொந்த ஊரில் துணிக்கடையில் இருந்தவராம். வாழை இலையில் ஈயைப் பரப்பி, மூங்கில் குச்சியால் பத்துப் பத்தாக ஒதுக்கி எண்ணுகிறார். பட்டுத் துணி அளப்பதைப் போன்ற பொறுமை. எண்ணி முடித்ததும் சமையல் கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற குழியில் கொட்டச் சொல்கிறார்.

கொட்டிவிட்டுக் கிளம்பிப் போய்விடுகிறார்.

திரும்பிப் பார்ப்பதே இல்லை.

ஜூன் 13

வரலாறு என் பெயரைக் குறித்துக்கொள்ளட்டும். நேற்று கொட்டிய ஈயை இன்று எடுத்து, இன்று கொட்டியதை மாலையில் எடுத்து, மறுபடி ஒப்படைத்தேன். இதுதான் அசல் ஈயடிச்சான் காப்பி. ஜப்பானியப் படை ஒரே ஈயை என்னிடம் நான்கு முறை வாங்கியிருக்கிறது. அதில் ஒன்றுக்கு ஒரு கால் இல்லை. வழக்கமாகப் பார்க்கும் முகம், அடையாளம் வைத்திருக்கிறேன்.

மூன்று சிகரெட்.

ஜூன் 14

முட்டை.

படகுக்கார அம்மாள் பெயர் பூன். குளிக்க இறங்கும் இடத்தில் படகைச் சாய்த்தாள். சிகரெட்டை நீட்டினேன். அவள் என் கோவணத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்துப் படகையும் கூப்பிட்டுக் காட்டினாள். அந்தச் சிரிப்புக்குத் தனியாக ஒரு முட்டை கேட்டிருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

ஹோரஸ் முட்டையைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

“எங்கடா புடிச்ச?”

“எனக்குன்னு ஒரு வாத்து இருக்கு, கார்ப்பரல்.”

“பாதி நீ எடுத்துக்க.”

“எனக்கு முட்டை ஒத்துக்காது. சின்ன வயசுலேர்ந்தே.”

பெரிய பொய்தான். ஆனால் நான் எப்பேர்ப்பட்ட புளுகன் என்று இந்த முகாமுக்கு இன்னும் முழுதாகத் தெரியாது. படைக் கணக்கில் எனக்கு வயது இருபத்தொன்று. அத்தை கணக்கில் பதினெட்டு. ஒரு பேரரசையே ஏமாற்றிச் சேர்ந்தவனுக்கு இன்னொரு பேரரசு எம்மாத்திரம்?

ஜூன் 22

கடிதங்கள் வந்தன. எட்டு மாதத்துக்குப் பிறகு. குடிசைக்கு ஒரு பிடி அட்டைகள்.

எனக்கு இல்லை. என் அத்தை தபால் தலையை நக்குவதுகூட வீண் செலவு என்று நினைப்பவள்.

ஹோரஸுக்கு ஒன்று. மனைவி எட்னாவிடமிருந்து. அட்டையை முகத்துக்கு நேராகப் பிடித்தார், தள்ளிப் பிடித்தார், சாய்த்துப் பிடித்தார். அப்புறம் என் பக்கம் நீட்டினார்.

“கண்ணுல தூசி. நீ வாசி.”

சின்ன அட்டை. எல்லாம் பெரிய எழுத்தில், கொஞ்சமே கொஞ்சம். அந்த அம்மாளுக்கு மைக்குப் பஞ்சமோ என்னவோ. வாசிக்க ஆரம்பித்தேன். நானும் டோராவும் நலம். டோரா அவருடைய மகள், ஐந்து வயது.

அடுத்த வரியில் அவருடைய அப்பா மார்ச் மாதம் இறந்துபோனார் என்று இருந்தது.

நின்றுவிட்டேன். அவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு, சிரித்தபடி உட்கார்ந்திருக்கிறார். டோரா பெயர் கேட்ட சிரிப்பு அது. இன்னும் மறையவில்லை.

“ம்?” என்றார்.

“உங்க அப்பா,” என்றேன், “உங்க அப்பா வாத்தைத் துரத்திக்கிட்டுப் போய் ஓடைக்குள்ள விழுந்துட்டாராம்.”

எங்கிருந்து வந்தது என்று தெரியாது. வாத்து என் மண்டைக்குள் எப்போதும் இருக்கிறது, அதனால் இருக்கலாம்.

“விழுந்து?”

“ஒண்ணும் ஆகல. நனைஞ்சு போய் ஏறி வந்து, ஓடையை யாரு இங்க கொண்டாந்து வெச்சதுன்னு கேட்டாராம்.”

அப்புறம் நிறுத்தத் தெரியாமல் வாத்தின் குணம், ஓடையின் ஆழம் என்று அளந்துகொண்டே போனேன். ஹோரஸ் அட்டை இருக்கும் பக்கம் தலையைச் சாய்த்தார். அப்புறம் சிரித்தார். அட்டையை வாங்கித் தலைமாட்டில் இருக்கும் தகர டப்பாவில் வைத்து மூடினார்.

வேறு என்ன செய்வது? கண் போகிற ஆளிடம் போய் அப்பாவும் போய்விட்டார் என்றா சொல்வது?

ஜூன் 23

காலையில் பாதிரியார் பிம்மிடம் கூட்டிப்போகச் சொன்னார். ஜெபம் செய்ய வேண்டுமாம். ஒரு மூங்கில் கழியின் ஒரு முனை அவர் கையில், மறு முனை என் கையில். இப்படித்தான் நாங்கள் நடப்பது. தகர டப்பாவையும் எடுத்துக்கொண்டார். வெளியே காத்திருந்தேன். திரும்பி வரும்போது அவர் கண் சிவந்திருந்தது. பிம் அவர்களின் பிரசங்கம் கேட்டால் யாருக்கும் அப்படித்தான்.

மாலை, கஞ்சி குடித்த பிறகு, டப்பாவைத் திறந்தார்.

“மறுபடி வாசிடா.”

“நேத்துதானே வாசிச்சேன்?”

“நேத்து சரியா காதுல விழல. அந்த ஓடைக் கதையை வாசி.”

ஜூலை 2

அப்பா நாளொரு மேனியாக வளர்கிறார்.

தினமும் அதே அட்டையை வாசிக்கச் சொல்கிறார். தினமும் ஒரே மாதிரி வாசித்தால் எனக்கு அலுக்கிறது. அதனால் ஒரு வரி சேர்த்தேன். மறுநாள் இன்னொன்று. இதுவரை கிழவர் செய்தவை: ஊர்க் கண்காட்சியில் பூசணிக்காய்க்கு முதல் பரிசு. விளக்கை அணைக்கச் சொல்லி மிரட்டிய விமானத் தாக்குதல் கண்காணிப்பாளரின் சைக்கிளுக்கு ரோஜா நிறம் பூசியது. தபால் நிலைய விதவையிடம் திருமணப் பேச்சு.

“அப்பாவா?” என்றார் ஹோரஸ். “எங்கப்பா ஞாயித்துக்கெழமை சீட்டி அடிச்சாலே பாவம்னு சொல்ற ஆளு.”

“போர்க்காலம், கார்ப்பரல். ஆளுங்க மாறிட்டாங்க.”

“விதவை என்ன சொன்னா?”

“நாளைக்குத்தான் தெரியும்.”

“அதே அட்டையிலயா?”

“சின்ன எழுத்து. மெதுவாத்தான் புரியுது.”

பக்கத்துப் படுக்கைக்காரர்களும் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் நான் புளுகுகிறேன் என்று தெரியும். ஹோரஸுக்கு மட்டும் தெரியாது. ஒரே ஆளை இத்தனை அழகாக யாரும் ஏமாற்றியதில்லை என்று அடக்கத்துடன் பதிவு செய்கிறேன்.

ஜூலை 9

ஒகிடா குழியில் சுண்ணாம்பு போட ஆரம்பித்துவிட்டார். என் ஈக்கள் எல்லாம் வெள்ளை மாவில் புரட்டியது போல ஆகிவிட்டன. ஆற்றில் அலசி எடுத்துப் போனேன்.

ஒகிடா இலையில் பரப்பினார். குச்சியால் ஒன்றைத் தொட்டார். நனைந்திருந்தது. வானத்தைப் பார்த்தார். ஒரு பொட்டு மேகம் இல்லை. என்னைப் பார்த்தார்.

அறை விழுந்தது. இரண்டு. நான் இமைக்கவில்லை. நிமிர்ந்து நின்று அவர் முகத்துக்கு நேராகச் சிரித்தேன் என்றே சொல்லலாம்.

இனிக் குழி கிடையாது. எண்ணியவுடன் கண்ணெதிரே கொளுத்தப்போகிறாராம்.

முட்டை இல்லாத நாள்: ஒன்று.

ஜூலை 11

முட்டை இல்லாத நாள்: மூன்று. ஐம்பது பிடிக்கவே பாதி நாள் போகிறது. இதில் எங்கிருந்து முந்நூறு? ஹோரஸ் தவிட்டை மட்டும் முகம் சுளிக்காமல் தின்கிறார். குதிரைக்கு வைப்பது என்று அவருக்குத் தெரியும்.

யோசனை வந்துவிட்டது.

மாட்டுப் பண்ணை உண்டு. கோழிப் பண்ணை உண்டு.

ஜூலை 18

ஈப் பண்ணை அமோகம். சமையல் கொட்டகையில் வீசியெறிந்த மீன் குடல், தடித்த மூங்கிலின் இரண்டு கணுக்கள், மேலே மூட ஓலை. எங்கள் குடிசைக்குப் பின்னால், யாரும் போகாத புதருக்குள். ஒரே வாரத்தில் மூங்கிலுக்குள் ரீங்காரம். கோணிப்பையைப் போட்டுப் பிடித்து, புகை காட்டி மயக்கி, காய்ந்த பளபளப்பான முதல்தர ஈக்கள். ஒகிடா ஒன்றைக் குச்சியில் தூக்கிப் பார்த்துத் தலையசைத்தார். தரம் தெரிந்த மனிதர்.

இரண்டாவது மூங்கில் வைத்திருக்கிறேன். முட்டை தினமும்.

ஈயைக் கொடுத்து முட்டை வாங்கி ஈகிறேன். ஈகை என்ற சொல்லை இனி எழுதுகிறவர்கள் என்னிடம் அனுமதி பெறவும்.

ஜூலை 20

விதவை சம்மதித்துவிட்டாள். கிழவர்தான் இப்போது பயந்துபோய் நெல்லிக்காய்ப் புதருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறார். ஹோரஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஜூலை 24

இதை எழுத வேண்டாம் என்று பார்த்தேன்.

எங்கள் குடிசையில் ஐந்து பேருக்குத் திரும்பவும் வயிற்றுப்போக்கு. ஒரு வாரமாகக் குணமாகி எழுந்து நடமாடிக்கொண்டிருந்த டாட்டும் அதில் ஒருவன். பூசணிக்காய்ப் பரிசுக்குக் கைதட்டியவன். மற்றக் குடிசைகளில் குறைகிறது. எங்களிடம் மட்டும் ஏறுகிறது. டாக்டர் ரூத்வென் குடிசையைச் சுற்றி நடந்தார். நாற்றம் வந்த வழியே நடந்தார். புதரை விலக்கினார்.

அவர் கத்தியிருக்கலாம்.

“யாருடையது?”

“என்னுது ஐயா.”

“எதுக்கு?”

சொன்னேன். ஒரு நாளுக்கு எத்தனை கிடைக்கிறது என்றார். முந்நூற்றைம்பது, நானூறு என்றேன்.

“மூங்கில்லேர்ந்து எத்தனை வெளிய போகுது?”

அதை நான் கணக்கிட்டதே இல்லை.

“தம்பி, நீ வளக்குற ஈ எல்லாம் வரிசையா கெளம்பி நேரா ஒகிடாகிட்டப் போய் ஆஜர் குடுக்குதுன்னா நெனச்ச? போற வழியில டாட்டோட கஞ்சி இருக்கு.”

மூங்கிலை நானே எரித்தேன். சாம்பலை நானே புதைத்தேன். கழிப்பிடக் குழிக்கு மூடி செய்யும் வேலை இனி என்னுடையது. எத்தனை நாளைக்கு என்று அவர் சொல்லவில்லை.

நான் யாரை ஏமாற்றினேன்? ஒகிடா சம்பளம் அப்படியே இருக்கிறது. டாட் படுத்திருக்கிறான்.

ஜூலை 25

டாட்டுக்குத் தண்ணீர் கொடுத்தேன். ஏன் உம்மென்று இருக்கிறாய் என்று அவன் என்னைக் கேட்டான். சொல்லிவிட்டேன். தண்ணீரைக் குடித்து முடித்துக் குவளையை என்னிடம் நீட்டினான்.

“அட நாசமாப் போறவனே,” என்றான். “விதவை கல்யாணம் என்னாச்சு? அதையாவது சொல்லு.”

ஜூலை 29

டாட் எழுந்து உட்கார்ந்தான். மற்ற நான்கு பேரும் தேவலை.

இன்று காலை என் படுக்கையில் ஓர் இலைப் பொட்டலம். உள்ளே ஏழு ஈ. செத்தவை. நேர்மையாக அடிக்கப்பட்டவை. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று: ஐந்து. மாலைக்குள் குடிசையில் அறுபது பேரில் ஐம்பது பேராவது கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். காலில்லாத ஒருவன் படுக்கையிலிருந்தே பதினெட்டு அடித்திருக்கிறான். யார் சொல்லி இது நடந்தது என்று கேட்டால் ஆளாளுக்கு அடுத்தவனைக் காட்டினார்கள். டாட் மட்டும் கூரையைப் பார்த்துச் சீட்டி அடித்தான்.

என் ஐம்பது போக முந்நூற்றுப் பன்னிரண்டு. ஒகிடா எண்ணினார். மூன்று சிகரெட்டை வைத்தார். எல்லாம் வெவ்வேறு ஈ. எனக்கே கூச்சமாக இருந்தது.

ஆகஸ்ட் 5

முட்டை. தவிடு. முட்டை. தவிடு. கிழவர் திருமணத்தைத் தள்ளிப் போட்டுவிட்டார். வாத்துக்கு உடம்பு சரியில்லையாம்.

ஆகஸ்ட் 12

இன்று வாங்கிய முட்டை அழுகல். ஆற்றில் வீசிவிட்டேன். ஹோரஸிடம் சொன்னேன். பரவாயில்லை என்றார்.

ஆகஸ்ட் 20

கழியின் இரண்டு முனையில் நடந்துகொண்டிருந்தோம். நான் முன்னால். தண்ணீர்த் தொட்டியடியில் ஹோரஸ் நின்றார்.

“லென்னி.”

“என்ன கார்ப்பரல்?”

“உன் கோவணம் அவுறுது.”

பிடித்துக் கட்டிக்கொண்டேன். நாலு எட்டு நடந்தேன். அப்புறம்தான் உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். மனிதர் வாயைத் திறந்தபடி நிற்கிறார். அவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்கிறது.

“என்ன தெரிஞ்சுது?”

“முடிச்சு,” என்றார். “முடிச்சு தெரிஞ்சுதுடா.” அப்புறம், “இத்தனை மாசம் கழிச்சு மொதல்ல தெரியுறது உன் பின்பக்கமா இருக்கணுமா?”

வந்து சொன்னதும் சிரிப்பில் குடிசையே ஆடியது. டாட் என் கோவணத்துக்கு வீரப் பதக்கம் சிபாரிசு செய்தான்.

ஆகஸ்ட் 21

நேற்றைய மகிழ்ச்சியில் ஒன்றை மறந்துவிட்டேன்.

அட்டை.

ஆகஸ்ட் 27

டாக்டர் விரலை நீட்டினால் ஹோரஸ் எண்ணிவிடுகிறார். முகங்கள் தெரிகின்றன. எழுத்துதான் இன்னும் கலங்கலாக இருக்கிறதாம். இன்னும் ரெண்டு வாரம் என்கிறார் டாக்டர், என் முதுகில் தட்டி. அவர் தட்டத் தட்ட நான் மிச்சமிருக்கும் நாட்களை எண்ணுகிறேன்.

ரெண்டு வாரம் கழித்து ஹோரஸ் டப்பாவைத் திறப்பார். அப்பா செத்துப்போனதை அட்டையிலிருந்து தெரிந்துகொள்வார், ஆறு மாதம் கழித்து. அதற்கு நடுவில் நான் அந்தச் செத்த மனிதரைச் சைக்கிளுக்குச் சாயம் அடிக்க வைத்திருக்கிறேன். விதவை வேறு. சே.

அட்டையை ஆற்றில் விட்டுவிடலாமா? தலைமாட்டு டப்பாவைத் தொட்டாலே விழித்துக்கொள்கிறார். கறையாக்கிவிடலாமா? எட்னா எழுதியதாயிற்றே. நானே சொல்லிவிடலாமா? வாயைத் திறந்தால் வாத்து வருகிறது.

ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், முட்டை வாங்காமல் விட்டால் என்ன என்று

இல்லை. அதை எழுதவில்லை.

செப்டம்பர் 3

முட்டை கொடுத்தேன். தினமும் கொடுப்பேன். என் தூக்குக்கயிற்றை நானே திரிக்கிறேன். நல்ல கயிறாகத் திரிக்கிறேன்.

செப்டம்பர் 8

“இன்னிக்கு வாசிக்க வேணாம்” என்றார் ஹோரஸ்.

என் கஞ்சியை டாட் பக்கம் தள்ளினேன்.

செப்டம்பர் 10. ஞாயிறு

காலை அணிவகுப்பு முடிந்தது. ஹோரஸ் கழியைக் கூரையில் செருகிவிட்டு, குடிசை வாசலில் வெயிலில் உட்கார்ந்தார். டப்பாவைத் திறந்தார். நான் கழிப்பிட மூடி செய்யக் கிளம்பினேன்.

“உக்காரு” என்றார்.

உட்கார்ந்தேன். அட்டையை எட்டப் பிடித்து, ஒவ்வொரு சொல்லாக, விரல் வைத்து வாசித்தார்.

“அன்புள்ள ஹோரஸ், நானும் டோராவும் நலம். உங்கள் அப்பா மார்ச் மாதம் தூக்கத்திலேயே அமைதியாகக் காலமானார். குதிரையை விற்கவில்லை. தோட்டத்தில் உருளைக்கிழங்கு போட்டிருக்கிறோம். தைரியமாக இருங்கள். உங்களுக்காகக் காத்திருக்கிறோம். அன்பு முத்தங்கள். உங்கள் எட்னா.”

குரல் எங்கேயும் உடையவில்லை. காலமானார் என்ற இடத்தில்கூட. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எத்தனை வார்த்தை எண்ணினியா?” என்றார்.

“இல்ல.”

“இருபத்தஞ்சு. அதுக்கு மேல எழுத விடமாட்டாங்க. சட்டம். ராஜாவோட அம்மாவே எழுதினாலும் இருபத்தஞ்சுதான். போன தடவை வந்த அட்டையும் அப்படித்தான் இருந்துச்சு. மொத நாளே நீ மூச்சு விடாம ஓடை, வாத்துன்னு நூறு வார்த்தை வாசிக்கிற. எட்னாவால எப்படிடா இவ்ளோ எழுத முடிஞ்சுதுன்னு மறுநாள் பாதிரியார்கிட்டக் குடுத்துப் படிக்கச் சொன்னேன்.”

மறுநாள். ஜூன் இருபத்துமூன்று. சிவந்த கண்.

எனக்கு அட்டையே வந்ததில்லை. சட்டம் எனக்கு எப்படித் தெரியும்?

“அப்ப அந்தச் சைக்கிள்…” என்றேன்.

“ரோஜா கலரு.”

“விதவை…”

“எங்கம்மா செத்து இருபது வருஷம் அப்பா ஒரு பொம்பளைகிட்ட நின்னு பேசினதில்ல. நீ வாசிக்க வாசிக்க, அடடா, இந்த மனுஷன் இன்னும் கொஞ்சம் இருந்திருந்தா இப்படிக்கூட இருந்திருப்பாரோன்னு தோணும். இங்க குழியில எத்தனை பேரப் பொதைச்சோம். அவரை மட்டும் மூணு மாசம் நீ பொதைக்கவே விடல.”

லென்னி கூச்சுக்கு வாய் அடைத்துப்போனது. டாட் இதைக் குறித்துவைத்துக்கொண்டான்.

“இன்னொண்ணு,” என்றார். “ஒகிடாகிட்ட அறை வாங்கிட்டு வந்தியே, சிரிச்சேன்னு எல்லார்கிட்டயும் சொன்ன. என் முதுகுக்குப் பின்னாடி படுத்துக்கிட்டு மூக்கை உறிஞ்சினது யாரு? கண்ணுதான்டா போச்சு, காது இருந்துச்சுல்ல.”

“சளி.”

“வயசு இருபத்தொண்ணுன்னு சொன்னியே, அந்தச் சளி மாதிரிதான?”

அதுவும் தெரியும். ரயில் பாதையிலேயே தெரியுமாம். அதனால்தான் என் பங்கு மண்ணும் அவர் தலையில்.

அட்டையை என் கையில் வைத்தார்.

“இப்ப நீ வாசி. வாத்துக்கு ஒடம்பு தேவலையா?”

வாசித்தேன். வாத்து தேறிவிட்டது. கிழவர் நெல்லிக்காய்ப் புதரிலிருந்து வெளியே வந்தார். தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு, இனிமேல் யாருக்காகவும் அவசரப்பட வேண்டியதில்லை என்று, வயல் வரப்பிலே மெதுவாக நடந்து போனார். வாத்து பின்னாலேயே போயிற்று. அதோடு நிறுத்திக்கொண்டேன். ஹோரஸ் அட்டையை வாங்கி டப்பாவில் வைத்தார்.

ஆக, இந்த முகாமின் மகா புளுகன் என்று மேலே பல இடங்களில் எழுதியிருப்பதை அடித்துவிடலாம். ஏமாந்தவர் பட்டியலில் கடைசியில் மிஞ்சியது ஒரே பெயர், அது என்னுடையது.

திருத்தம் என்று உட்கார்ந்தபிறகு இன்னொன்றும் இருக்கிறது. ஆகஸ்ட் பன்னிரண்டு. அந்த முட்டை அழுகல் இல்லை. ரொம்ப நல்ல முட்டை. மஞ்சள் கரு இத்தனை பெரிது. ஆற்றோரத்தில் நின்று, அப்படியே உடைத்து வாயில் விட்டுக்கொண்டேன். ஒத்துக்கொண்டது. பின்னும் ஒன்று இருந்திருந்தால் அதுவும் ஒத்துக்கொண்டிருக்கும்.

இதை நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் இந்தப் பக்கத்தைத் திறந்தபடி உங்கள் படுக்கையில் வைத்துவிட்டு மூடி செய்யப் போகிறேன். கையெழுத்து கோணலாக இருக்கும், வெளிச்சத்தில் பிடித்துப் படியுங்கள், கார்ப்பரல். படித்ததும் மறக்காமல், காவல்காரன் கண்ணில் படாதபடி, நான் இந்த நாட்குறிப்பை எப்போதும் ஒளித்துவைக்கும் மூங்கிலுக்குள் செருகிவிடுங்கள்.